அக்காவின் ஆங்கிலத்துக்கு நான் கட்டிய சிவப்பு நூல்

நோட்டுப் போடும் யோசனை எனக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு. கடை மாடியில் என்னோடு வேலை செய்யும், பக்கத்து நாற்காலி அக்கா, கனடாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குச் செல்போனில் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டி அனுப்பினாள். புடவையைப் பற்றிச் சந்தேகம் ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அவள் அனுப்பியதோ, 'ப்ளீஸ் ஹாவ் டவுட் ஆன் அவர் சாரீ.' தயவுசெய்து எங்கள் புடவையைச் சந்தேகப்படுங்கள். இரண்டு நிமிஷத்தில் அந்த அம்மாள் பதில் போட்டாள்: நான் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட வேகமாக ஒரு வெறியும் வந்தது. இது அக்கா ஒருத்தியின் தப்பு இல்லை, ஊரே செய்யும் தப்பு. நமக்குச் சந்தேகம் என்று ஒரே சொல்தான். வகுப்பில் கை தூக்கி வாத்தியாரிடம் கேட்பதும் சந்தேகம், புருஷன் மேல் பெண்டாட்டிக்கு வருவதும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது க்வெஸ்சன். தெரியாததைக் கேட்பது. இரண்டாவதுதான் டவுட். தெரிந்ததை நம்பாமல் இருப்பது. இதை யாருமே எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தபோதும் "மேம், ஐ ஹாவ் எ டவுட்" என்றுதான் எழுந்து நின்றிருக்கிறேன். மேமும் எஸ், டெல் மீ என்றார். இப்படி ஊர் முழுக்க மாற்றி மாற்றிப் போடுகிற சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதை எங்கே போட வேண்டும் என்று தமிழில் விளக்கினால் என்ன? அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே போய் ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன்.

நான் அந்தக் கடையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பட்டுக்கடை. கீழே விற்பனை, மாடியில் ஆன்லைன். என் வேலை, இணையத்தில் போடும் புடவைப் படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவது. அக்காவின் வேலை, வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்குக் கடை செல்போனில் பதில் சொல்லி விற்பது. அக்கா தென்னேரிக்காரி. விவசாயக் குடும்பம், பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு. தினம் காலையில் வாலாஜாபாத் வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்குவாள். கீழே முகூர்த்தப் பட்டுப் பகுதியில் பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே விற்றவள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் கடையில் சட்டத்துக்காக மூன்று ஸ்டூல் போட்டு, அதன் மேல் புடவை அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நின்று நின்று அக்காவின் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, அவள் கெஞ்சி, போன வருஷம்தான் மாடிக்கு வந்தாள். அந்த வேலையில் அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிதான். வீட்டிலிருந்து ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டு வந்து அதன் முதுகில் மாட்டியிருந்தாள்.

மாடியில் எங்கள் அறைக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சோதனை மேசை. இதைச் சொல்லாமல் மேலே சொல்ல முடியாது. நெசவு செய்கிறவர் புடவையை முடித்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் போட்ட அந்த மேசையில் சோதனைக்காரர் புடவையை முழம் முழமாக இழுத்துப் பார்ப்பார். குறுக்கே ஓடும் ஊடை இழை விட்டுப்போன இடம், இழை அறுந்த இடம், கரை சேராத இடம் எங்கே கண்ணில் பட்டாலும் நேராகக் கரையோரம் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சுப் போடுவார். நெய்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு நூல் என்றால் எடுத்துப் போய்ச் சரி பண்ணிக் கொண்டு வரலாம். ஆறேழு நூல் தொங்கினால் அந்தச் சரக்கைக் கடை எடுக்காது.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் தறியில் உட்காருகிறார். வேறு கடைக்கு நெய்கிறார். நூல் கட்டிய புடவையோடு அவர் வீட்டுக்கு வரும் நாளில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம், டிவி கூட ஓடாது. அந்தச் சிவப்பு நூலுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனைக்காரர் கட்டினாரோ அவரேதான் அவிழ்க்க வேண்டும். நெய்தவர் தொடக் கூடாது. வேறொரு சோதனைக்காரரும் தொட மாட்டார். கட்டியவர் லீவு என்றால் புடவை அவர் வரும்வரை காத்திருக்கும். சரி செய்த இடத்தைக் கட்டியவர் தன் விரலால் தடவிப் பார்த்து, தன் கையால் முடிச்சை அவிழ்த்தால்தான் அந்தக் குறை தீர்ந்ததாகக் கணக்கு. ஒரு தடவை எங்கள் வீட்டில் ஒரு புடவை அப்படி ஒன்பது நாள் கிடந்தது. நீங்களே அவிழ்த்துவிட்டால் என்ன என்று நான் கேட்டதற்கு அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இத்தனையும் தெரிந்த நான் செய்த காரியம்தான் இது.

நோட்டில் வெறுமனே எழுதினால் எனக்குப் போதவில்லை. உதாரணம் வேண்டும். உதாரணத்துக்கு நான் எங்கே போவேன், பக்கத்து நாற்காலியில் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா அனுப்பிய வரிகளைப் படமெடுத்து, கடை பிரிண்டரில் அச்செடுத்து, நோட்டின் இடது பக்கத்தில் ஒட்டினேன். வலது பக்கத்தில் விளக்கம். தப்பு இருக்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுவது சப்பென்று இருந்தது. சோதனை மேசையில் கிடந்த சிவப்பு நூல் கண்டிலிருந்து கொஞ்சம் நூலை வாங்கி, தாள் ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். என்ன கற்பனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். நெசவாளி மகள் ஆங்கிலம் சொல்லித் தரும் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் நூல் தொங்குகிறது. அட்டைப் படம் வரைக்கும் யோசித்துவிட்டேன்.

விளக்கங்கள் நன்றாகத்தான் வந்தன, அதை மறுக்க மாட்டேன். ரவிக்கைத் துணியின் மாதிரித் துண்டு ஒன்றை அனுப்புகிறோம், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்பதற்கு அக்கா 'வி வில் பாரோ யூ சாம்பிள்' என்று எழுதியிருந்தாள். நான் எழுதினேன்: இரவல் என்று நமக்கு ஒரே சொல், ஆனால் பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார். உன் கையை விட்டுப் போனால் லெண்ட். உன் கைக்கு வந்து சேர்ந்தால் பாரோ. சர்க்கரை வாங்கப் போகும் வீடு பாரோ பண்ணுகிறது, டம்ளரில் கொட்டிக் கொடுக்கிற வீடு லெண்ட் பண்ணுகிறது. ப்ரிங், டேக் இரண்டும் அப்படித்தான். பேசுகிறவள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தால் ப்ரிங், அங்கிருந்து கொண்டு போனால் டேக். 'கொரியர் வில் ப்ரிங் தி சாரீ ஃப்ரம் அவர் ஷாப்' என்று நீ கடையில் உட்கார்ந்துகொண்டு எழுதாதே, அவன் இங்கிருந்து டேக்தான் பண்ணுகிறான்.

சில ஜோடிகள் தமிழ் எழுத்தில் வித்தியாசமே காட்டாதவை. விலையும் ப்ரைஸ், பரிசும் ப்ரைஸ். விலைக்கு நடுவில் ஸீ, பரிசுக்கு இஸட். தொலைப்பதும் லூஸ், தளர்ந்து கிடப்பதும் லூஸ். தொலைப்பதற்கு ஒரே ஓ, அதில் ஒன்று தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள். சாயம் போடுகிற டையும் சாகிற டையும் காதுக்கு ஒன்றுதான். 'யுவர் சாரீ இஸ் டையிங், ஃப்ரைடே வி சென்ட்' என்று அக்கா சிங்கப்பூருக்கு எழுதியதில் நடுவில் ஒரு எழுத்து குறைந்து, புடவை செத்துக்கொண்டிருப்பதாகவும் வெள்ளிக்கிழமை அனுப்பிவைப்பதாகவும் ஆனது. அதற்கு இரண்டு முடிச்சுப் போட்டேன்.

எனக்கு வாயும் சும்மா இருக்காது. அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே எட்டிப் பார்த்து, அக்கா அது ஹோப் இல்லை விஷ், நடக்கும் என்று எதிர்பார்த்தால் ஹோப், நடக்காதென்று தெரிந்தும் ஏங்கினால் விஷ் என்று சொல்வேன். பேக்கிங் பிள்ளைகள் இருக்கும்போதும் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அக்கா முதல் வாரம் சரிம்மா என்று மாற்றினாள். இரண்டாவது வாரம் என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது வாரம் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். டீச்சரம்மா ஃபேனை நிறுத்தட்டுமா, டீச்சரம்மா டீ குடிக்கிறியா. ஒரு நாள் நான் விடாமல் பிடித்துத் திருத்தியபோது செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா கொடஞ்சிக்கினே கீற? நான் பாரோன்னு போட்டேன். அந்தம்மா புரிஞ்சிக்கினு அட்ரஸ் அனுப்பிட்டா, பாரு. நீ லெண்டுன்னு போட்டு ஒரு பொடவ வித்துக் காட்டு பார்க்கலாம்."

பேக்கிங் பிள்ளைகள் இந்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அன்று சாயங்காலம் நோட்டில் அவளுக்கு நாலு முடிச்சு அதிகமாகப் போட்டேன். அதில் ஒன்று தப்பே இல்லை. தெரிந்தேதான் போட்டேன்.

இதே சமயத்தில் என் வேலையும் வேகமாக வளர்ந்தது. மேனேஜருக்கு என் ஆங்கிலம் பிடித்துவிட்டது. அவர் எந்தக் கடிதத்தையும் 'கைண்ட்லி ரிவர்ட்' என்று முடிப்பவர். பதில் எழுது என்பது ரிப்ளை. ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்பிப் போ. அதற்கு நான் நூல் கட்டினேனா? இல்லை. அவர் மேனேஜர்.

ஒரு நாள் அவர் முப்பத்தொரு புடவைப் படங்களைக் கொடுத்தார். வேறு ஊரிலிருந்து வந்த விசைத்தறிச் சரக்கு. கைத்தறிப் புடவை போலவே இருக்கும். தூரத்துப் படத்தில் என் அப்பாவுக்கே தெரியாது. கைத்தறி என்று எழுதக் கூடாது, மாட்டிக்கொள்வோம், ஆனால் படிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்ற வேண்டும், உனக்குத்தான் சொல் தெரியுமே என்றார். எனக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். முந்தானை நுனியில் தொங்கும் குச்சை எங்கள் கடையில் பெண்கள் கையால்தான் முடிகிறார்கள். ஆகவே, 'ஹாண்ட் ஃபினிஷ்ட்'. கையால் முடிக்கப்பட்டது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஹாண்ட்லூம் என்று நினைத்துக்கொள்வது படிக்கிறவர்களின் பாடு. முப்பத்தொன்றுக்கும் அதைப் போட்டேன். மேனேஜர் என் மேசையில் தட்டி, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான் என்றார். நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் அப்பா இன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்டபோது, குச்சைப் பற்றி என்றேன்.

இரண்டு வாரம் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், தங்கை கல்யாணத்துக்கு மூன்று புடவைகளைத் தேர்ந்தெடுத்தாள். மூன்றுமே என் முப்பத்தொன்றில் உள்ளவை. பணம் அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் நேராகக் கேட்டாள். இது கையால் நெய்ததா? அக்கா என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரு அழகான வாக்கியம் கொடுத்திருப்பேன். அவளே எழுதினாள். 'நோ மேடம். திஸ் மெஷின் டூ. ஹாண்ட் ஒன்லி குச்சு.' குச்சு எது என்று காட்டுவதற்கு முந்தானையைப் படமெடுத்து வட்டம் போட்டு வேறு அனுப்பினாள்.

மூன்றும் ரத்து. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, வேறு பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

மேனேஜர் மறுநாள் காலை மாடிக்கு வந்தார். அவரால் அக்காவை உண்மை சொன்னதற்காகத் திட்ட முடியாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேக்கிங் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படித் திட்டுவார்? சும்மா அறையைச் சுற்றினார். ஃபேனைப் பார்த்தார். என் மேசையில் நோட்டு இருந்தது, ஓரமெல்லாம் சிவப்பு நூல் தொங்கிக்கொண்டு. இது என்னம்மா என்றார். நான், என் புத்தியை எதால் அடிப்பது, பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். மக்கள் குழப்பிக்கொள்ளும் ஆங்கிலச் சொற்கள் சார், உதாரணத்தோடு, என்றேன்.

அவர் வலது பக்கத்தைப் படிக்கவே இல்லை. லெண்டையும் பாரோவையும் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் அக்காவின் பெயர் போட்ட வரிகளை மட்டும் பார்த்தார். பிறகு நோட்டை விரித்து, கவிழ்த்து, இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். நாற்பது ஐம்பது நூல் ஒரே நேரத்தில் கீழே தொங்கியது. எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனைக்காரர் கூடத் தலையைத் தூக்கினார். அந்தக் கடையில் சிவப்பு நூலுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

"இத்தன நூல் கட்ன சரக்க நம்ம கடையில வெப்பமாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "நான் கட்டல. படிச்ச பொண்ணு, பக்கத்துல ஒக்காந்து பார்த்துக் கட்டியிருக்குது."

அக்கா நோட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பள்ளிக்கூடம் என்று நினைத்து நான் கட்டிய நூலை அவள் சோதனை மேசை என்று படித்தாள். அவள் படித்ததுதான் சரி. வேறு ஊரில், வேறு கடையில், சிவப்பு என்றால் திருத்தம். இங்கே சிவப்பு நூல் என்றால் சரக்கு வேண்டாம். இது எனக்குத் தெரியாததா? நான் பேச வாய் எடுத்தேன். மேனேஜர் முந்திக்கொண்டு, இனிமேல் செல்போனும் நீயே பார்த்துக்கொள் என்று அதை என் மேசையில் வைத்தார். நான் எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அக்கா நாற்காலி முதுகிலிருந்து தலையணை உறையைக் கழற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே போனாள். முகூர்த்தப் பட்டுப் பகுதி. நிற்கும் வேலை.

அவள் போன பிறகு அந்த நாற்காலியில் மேனேஜர் கொரியர் கவர்களை அடுக்கச் சொன்னார். இன்னும் கவர்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மூன்று நாள் நான் என்னிடமே நியாயம் பேசினேன். நான் என்ன பொய்யா எழுதினேன், டவுட் டவுட்தானே, டை டைதானே. அவள் கற்றுக்கொள்ளத்தானே எழுதினேன். நாலாம் நாள், கடைக்குப் பின்னால் சாப்பிடும் இடத்தில், அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் நீட்டியிருந்தபோது போய் நின்றேன். கணுக்காலுக்கு மேலே துணி சுற்றியிருந்தாள். வீங்கியிருந்தது. அக்கா, நீங்கள் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் செய்தேன் என்று ஆரம்பித்தேன்.

"கத்துக்கட்டும்னு நெனச்சிருந்தா நோட்ட எங்கைல குடுத்திருப்ப," என்றாள். சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "ஒரு நா குடுத்தியா? பக்கத்துலயே ஒக்காந்துக்கினு, எனக்குத் தெரியாம நூலு கட்டி வெச்சிருந்த."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"கிழிப்பியா? நூலு கட்ன பொடவைய எவனாச்சும் கிழிப்பானா? நெசவுக்காரு பொண்ணுதான நீ?" அப்போதுதான் நிமிர்ந்தாள். "கட்னது நீ. அவுக்கறதும் நீதான். அந்தாளு முன்னால அவுப்பியோ, மொதலாளி முன்னால அவுப்பியோ, எனக்குத் தெரியாது. நான் வந்து பக்கத்துல நிக்க மாட்டேன். பன்னெண்டு வருசம் நின்னாச்சு."

நான் நகரவில்லை. அவள் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "நீ எழுதுனியே ஒண்ணு, கையால முடிச்சதுன்னு. அதுல ஒரு நூலாச்சும் கட்னியா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

கட்டவில்லை. பாக்கெட்டில் சிவப்பு நூலை வைத்துக்கொண்டே அலைந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. அக்கா மாற்றிப் போட்ட ஐம்பது சொல்லிலும் ஒருத்தரும் ஏமாறவில்லை. சாயம் தோய்க்கிற புடவை செத்துப்போனதாக நினைத்து சிங்கப்பூரில் யாரும் அழவில்லை. பாரோ என்று எழுதி லெண்ட் பண்ணினாள், லெண்ட் ஆகித் திரும்பியும் வந்தது. நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய இரண்டே சொல்லில்தான் ஆட்கள் ஏமாந்தார்கள். அந்த முப்பத்தொன்றில் பதினாறு விற்றுவிட்டன. பதினாறு வீட்டில் அதைக் கைத்தறி என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாமல் குழப்பிக்கொள்கிறவர்களைப் பிடிக்க நோட்டுப் போட்ட நான், தெரிந்தே குழப்புகிற வேலைக்குச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மேனேஜர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் அவர் கையில் நூலைக் கொடுத்தது யார்?

போன வாரம் அந்த சிங்கப்பூர்ப் பெண் மறுபடி செய்தி போட்டாள். நான்தான் பதில் சொன்னேன், மிக ஒழுங்கான ஆங்கிலத்தில். இரண்டு வரிக்குப் பிறகு அவள் கேட்டாள்: முன்னால் பேசிய அம்மா இல்லையா? அவரிடம் கேட்டு வாங்கலாம் என்று இருந்தேன் என்றும் எழுதினாள். நான் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதை அச்செடுத்து மட்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று கடை விடுமுறை. உட்கார்ந்து என் முப்பத்தொரு விவரங்களையும் அச்செடுத்து, ஒவ்வொன்றிலும் ஹாண்ட் ஃபினிஷ்டுக்கு நேரே ஊசியால் துளை போட்டு ஒரு சிவப்பு நூல் கட்டினேன். மேனேஜரின் கைண்ட்லி ரிவர்ட்டுக்கும் ஒன்று. அது கொஞ்சம் பழிதான், இருக்கட்டும். தறியிலிருந்து இறங்கி வந்த அப்பா, என்ன இது இத்தனை நூல் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். குச்சைப் பற்றி முன்பு பாதி சொன்னதையும் சேர்த்து. அவர் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எழுந்து போகும்போது, "அந்தப் பொம்பள நின்னுக்கினு கீறா, நீ ஒக்காந்துக்கினு கீற. அத மொதல்ல பாரு" என்றார். என்னோடு சாப்பிடவும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு நேராக மாடிக்கு வருவார். ஒரு மணி நேரம் சோதனை மேசை பக்கத்தில் உட்கார்ந்து வருகிற புடவைகளைத் தானே பார்ப்பார். நெசவுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். மேனேஜரும் நிற்பார். நாளை மறுநாள் வெள்ளி. அந்த வரிசையில் நானும் போய் நிற்கப் போகிறேன். முதலில் என் முப்பத்தொரு தாளையும் மேசையில் போடுவேன். குறை இது, நெய்தது நான், சரி செய்ய வேண்டுமானால் அந்த விவரங்களை மாற்றி, வாங்கிய பதினாறு பேருக்கும் சொல்ல வேண்டும் என்பேன். என்னை அப்போதே அனுப்பிவிடலாம். அனுப்புவதற்குள் நோட்டைத் திறந்துவிட வேண்டும். சிங்கப்பூர்ப் பெண்ணின் செய்தியை மேலே வைத்து, அக்காவின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, வாங்கியவர் இதைப் புரிந்துகொண்டார் என்று சொல்லி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். அக்காவுக்கு அந்த நாற்காலியைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்று வீட்டில் இரண்டு முடிச்சை மட்டும் அவிழ்த்துப் பார்த்தேன். ஆத்திரத்தில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், நகம் நுழையவில்லை. ஒன்றில் தாள் கிழிந்துவிட்டது. பல்லால் கடித்து இழுக்கக் கூடாது, அவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம். சோதனைக்காரர் முடிச்சு அவிழ்க்க வைத்திருக்கும் முனை மழுங்கிய ஊசி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அவரிடம் அதைக் கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்பார். சொல்லத்தான் வேண்டும். வேண்டுமென்றே தப்பில்லாத இடத்தில் கட்டினேனே, அந்த முடிச்சிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.